பாலைவனத்தைச் செதுக்கியது தண்ணீர்: பாறை இடுக்குகளில் நடக்கவும் படமெடுக்கவும் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில் பக்ஸ்கின் கல்ச் என்றொரு பாறை இடுக்கு இருக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். உள்ளே நடந்துகொண்டிருக்கும்போது அண்ணாந்து பார்த்தால், மூன்று நான்கு ஆள் உயரத்தில், சுவருக்குச் சுவர் குறுக்காக ஒரு மரத்தடி செருகிக்கொண்டு நிற்கும். பட்டையெல்லாம் உரிந்து, எலும்பு போல வெளுத்திருக்கும். சுற்றிலும் பாலைவனம். அவ்வளவு கனமான மரத்தை அந்த உயரத்தில் கொண்டுபோய் எது செருகியது?

வெள்ளம். அந்த மரத்தடி இருக்கும் உயரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் ஓடியிருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்களை இந்த மாதிரி இடங்களுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் நான் கேட்கிற முதல் வாக்கியம், "காத்து எப்படிச் செதுக்கியிருக்கு பாத்தீங்களா!" என்பதுதான். படங்களுக்குக் கீழேயும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பாலைவனம் என்றால் காற்றும் மணலும் என்று நம் மனசில் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் இந்த ஒரு தப்பான எண்ணம் இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. எங்கே, எப்போது கேமராவைத் தூக்க வேண்டும் என்பது புரியாமல் போகிறது. அதைவிட முக்கியம், உயிருக்கு ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் தெரியாமல் போகிறது.

அரிசோனாவில் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட பாறை இடுக்குகளில் ஒன்று. அது அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம். ஓடையின் போக்கில் அது மேல் பகுதி, கீழ்ப் பகுதி என்று இரண்டு தனி இடுக்குகளாக இருக்கிறது. மேல் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ட்சே பிகானிலினி. "பாறைகளுக்கு ஊடாகத் தண்ணீர் ஓடும் இடம்" என்று பொருள். அங்கேயே வாழ்கிறவர்கள் விடையைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

காற்றால் ஏன் முடியாது?

உப்புத்தாள் வைத்து மரத்தைத் தேய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்ப்பது தாள் இல்லை, அதில் ஒட்டியிருக்கும் மணல்தான். வெறும் காற்றும் அப்படித்தான். பாறையை அது தேய்க்க வேண்டுமானால் மணலைத் தூக்கி அடிக்க வேண்டும். ஆனால் மணல் கனமானது. பாலைவனக் காற்றில் மணல் பறப்பதில்லை, தத்தித் தத்திக் குதித்துப் போகிறது. பெரும்பாலான மணல் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டுவதே இல்லை. அதற்கு மேலே போவது மெல்லிய தூசி. அது கண்ணை மறைக்கும், பாறையை வெட்டாது.

ஆன்டிலோப் கேன்யனின் மேல் பகுதி ஏறத்தாழ 35 மீட்டர் ஆழம். பத்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றுதான் செதுக்கியது என்றால் முழங்கால் உயரத்தில் மட்டும் குடைந்திருக்க வேண்டும். சுவரின் உச்சி வரைக்கும் அந்த வழவழப்பான வளைவுகள் வந்திருக்க முடியாது.

காற்றுக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்லவில்லை. உதிர்ந்த மணலை ஊதித் துடைக்கிறது, விளிம்புகளை மழுக்குகிறது. யூட்டா–அரிசோனா எல்லையில் தி வேவ் என்ற அலை போன்ற பாறைச் சரிவு இருக்கிறது. அதன் பள்ளங்களை ஆரம்பத்தில் வெட்டியது வழிந்தோடிய நீர். பிறகு நீர் வரத்துக் குறைந்து, இப்போது அதைத் தேய்ப்பது பெரும்பாலும் காற்றுதான். ஆனால் அது விதிவிலக்கு. உண்மையில் காற்றின் பெரிய வேலை இந்தக் கதையில் வேறொரு இடத்தில், இன்னும் பல கோடி ஆண்டு முன்னால் வருகிறது.

பாறை பிறந்த கதை

ஆன்டிலோப், பக்ஸ்கின், தி வேவ், யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவின் பெரிய செங்குத்துச் சுவர்கள் எல்லாம் ஒரே பாறையால் ஆனவை. நவஹோ மணற்கல் என்று அதற்குப் பெயர். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், அந்தப் பகுதி முழுவதும் மணல் மேடுகளாக, கண்ணுக்கெட்டிய தூரம் மணல் கடலாகக் கிடந்தது. அந்த மேடுகளைக் குவித்தது காற்று. ஒன்றின் மேல் ஒன்றாக மணல் ஏறி, சயான் பகுதியில் 600 மீட்டருக்கும் மேல் தடிமனாகச் சேர்ந்தது. அப்புறம் அதன் மேல் வேறு வண்டல்கள் படிந்து அமுக்கின. நிலத்தடி நீர் மணலுக்குள் ஊறி, தன்னோடு கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு போன்ற தாதுக்களை மணிகளுக்கு நடுவே விட்டுவிட்டுப் போனது. அவை பசை போல மணலைப் பிடித்துக்கொண்டன. இப்படி மணல் இறுகிக் கல்லானதுதான் மணற்கல்.

பொரி உருண்டையைப் போல என்று சொன்னால் சட்டென்று புரியும். பொரி மணல். வெல்லப்பாகு அந்தத் தாதுப் பசை. உருண்டை கையில் கெட்டியாக இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் பாகு இளகி, பொரி தனித்தனியாக உதிர ஆரம்பிக்கும். மணற்கல்லின் சுபாவமும் இதுதான். மழை பெய்து ஒன்றிரண்டு நாள் வரைக்கும் அங்கே பாறை ஏறுகிறவர்கள் சுவரைத் தொட மாட்டார்கள். நனைந்த மணற்கல் வலுவிழந்து, பிடித்த பிடி கையோடு வந்துவிடும்.

சுவர்களில் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். புடவைக் கொசுவம் போல அடுக்கடுக்காக இருக்கும். அவை வெள்ளம் போட்ட கோடுகள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. அவை பழைய மணல் மேடுகளின் சரிவுகள். காற்று ஒரு பக்கமிருந்து மணலை ஏற்றி, மறுபக்கச் சரிவில் கொட்டிக்கொண்டே போகும். அந்தச் சரிவுகள் அப்படியே கல்லில் உறைந்துவிட்டன. குறுக்குப் படிவு என்பார்கள். எந்தப் பக்கமாக அந்தக் கோடு சரிகிறதோ, அந்தப் பக்கமாக அன்றைக்குக் காற்று வீசியிருக்கிறது. முதல் முறை இதைப் புரிந்துகொண்டு சுவரில் கை வைத்தபோது எனக்குப் புல்லரித்தது. 19 கோடி ஆண்டுக்கு முந்தைய காற்றின் திசையைக் கையால் தடவிப் பார்க்க முடிகிறது.

நிறம்? துரு. மணல் மணிகளின் மேல் மிக மெல்லிய படலமாக இரும்பு ஆக்சைடு ஒட்டியிருக்கிறது. ஹேமடைட் என்ற வகை சிவப்பைத் தருகிறது, நீர் சேர்ந்த வேறு வகைகள் மஞ்சளையும் பழுப்பையும் தருகின்றன. இரும்பை நிலத்தடி நீர் கரைத்து எடுத்துக்கொண்ட இடங்களில் பாறை வெளுத்திருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்கு இந்தச் சிவப்பு பழக்கமானது. அங்கும் மணலின் மேல் இருப்பது அதே இரும்புப் பூச்சுதான்.

இதுவரை சுருக்கமாக: காற்று மணலைக் குவித்தது, நிலத்தடி நீர் அதை ஒட்டிக் கல்லாக்கியது, இரும்பு நிறம் பூசியது. இனி இந்தக் கல்லை எது வெட்டியது என்று பார்ப்போம்.

வெள்ளம் எப்படி வெட்டுகிறது?

பாலைவனத்தில் மழை குறைவு என்பது உண்மை. ஆனால் பெய்யும்போது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பெய்கிற மழையை மண் குடித்துவிடும், வேர் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடியில் பெய்கிற மழை? ஒரு சொட்டு விடாமல் ஓடி, அந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான் கீழே கொட்டும். இந்தப் பீடபூமி முழுவதும் ஒரு பெரிய மொட்டை மாடி. மண் இல்லை, மரம் இல்லை, வெறும் பாறை. பல சதுர கிலோமீட்டரில் பெய்த மழை வறண்ட ஓடைகள் வழியாக ஒன்றுசேர்ந்து, கடைசியில் ஒரு மீட்டர் அகல இடுக்கு ஒன்றுக்குள் நுழைகிறது. அந்த இடுக்குதான் மாடிக் குழாய்.

தோட்டக் குழாயின் வாயைக் கட்டை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது இல்லையா? அதே அளவு தண்ணீர் சின்ன வழியில் போக வேண்டுமானால் வேகம் கூட வேண்டும், அல்லது மட்டம் உயர வேண்டும். இடுக்குக்குள் இரண்டும் நடக்கிறது. வேகம் கூடினால் தண்ணீரின் சுமக்கும் திறன் நாம் நினைக்கிற கணக்கில் ஏறாது. வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது ஆற்றியலில் பழைய விதி. கூழாங்கல்லை உருட்டிக்கொண்டிருந்த ஓடை, இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்ததும் பாறாங்கல்லைத் தள்ள ஆரம்பிக்கும். அந்த வெள்ளத்தைப் படத்தில் பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்காது. சேறும் மணலும் கல்லும் கட்டைகளும் கலந்து, கலக்கிய சிமென்ட் போல வரும். அதுதான் உப்புத்தாள்.

வெட்டுவது எங்கிருந்து தொடங்குகிறது? பாறையில் ஏற்கெனவே இருக்கும் விரிசலிலிருந்து. பூமியின் அசைவில் பெரிய பாறைத் திட்டுகளில் நேர்நேராக விரிசல்கள் விழுந்திருக்கும். தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். போகிற வழியில் ஒரு சின்னக் குழி இருந்தால் அங்கே சுழி விழும். சுழியில் மாட்டிக்கொண்ட கற்கள் வெளியேற முடியாமல் சுற்றிச் சுற்றித் தேய்க்கும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரிதான். வெள்ளத்துக்கு வெள்ளம் குழி ஆழமாகிறது, அகலமாகிறது. பக்கத்தில் இன்னொரு குழி. நடுவில் இருக்கும் தடுப்பு ஒரு நாள் உடைந்து இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஆன்டிலோப் கேன்யனில் நீங்கள் பார்க்கும் அந்தத் திருகுகளும் அலைகளும் பெரும்பாலும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்த ஆட்டுக்கல் குழிகளின் பாதிச் சுவர்கள்தான். அடுத்த முறை போகும்போது, தனித்தனி வளைவாகப் பார்க்காமல், எந்த வளைவோடு எதிர்ச் சுவரின் எந்த வளைவு சேர்ந்தால் ஒரு வட்டமாகும் என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்குப் பட ஆரம்பிக்கும்.

இப்படி அகலத்தைவிட ஆழம் பல மடங்கு கூடுதலான இடுக்குக்குத்தான் ஸ்லாட் கேன்யன் என்று பெயர். ஏன் அகலமாகாமல் ஆழமாகவே போகிறது என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. வெள்ளம் தரையை வெட்டுகிறது. சுவர்களை இடித்து அகலமாக்க அடிக்கடி மழை, வேர், மண்சரிவு எல்லாம் வேண்டும். அவை அங்கே குறைவு. நவஹோ மணற்கல்லும் நடுவில் மெத்தென்ற அடுக்குகள் இல்லாமல் ஒரே சீராக இருப்பதால் சுவர் நின்றுவிடுகிறது. கிராண்ட் கேன்யனில் அப்படியில்லை. அங்கே கடினமான அடுக்கும் மிருதுவான அடுக்கும் மாறி மாறி வருகின்றன. மிருதுவானது உள்வாங்க, கடினமானது இடிந்து விழ, படிக்கட்டு போல விரிந்துவிட்டது. 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். வெட்டத் தொடங்கியது தண்ணீர்தான். பாறை மாறியதால் உருவம் மாறியது.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பார்கள். இங்கே அந்தப் பழமொழி பாதிதான் பொருந்தும். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற வேலை இல்லை இது. முந்நூற்றுச் சொச்சம் நாள் ஒன்றுமே நடக்காது. ஏதோ ஓரிரு பிற்பகல்களில், ஒரு மணி நேரத்தில், மொத்த வேலையும் நடந்து முடியும்.

தூண்களும் வளைவுகளும்

எல்லா வடிவத்துக்கும் வெள்ளம் காரணம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது, வேறு வேறு வேஷத்தில்.

யூட்டாவில் பிரைஸ் கேன்யனில் ஆயிரக்கணக்கான கல் தூண்கள் கூட்டமாக நிற்கின்றன. ஹூடூ என்று அவற்றைச் சொல்வார்கள். அங்கே சிற்பி பனிக்கட்டி. தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் என்ன ஆகும்? உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், பாட்டில் வெடிக்கும். பிரைஸ் 2,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பகலில் உருகி விரிசலுக்குள் இறங்கும் பனிநீர் இரவில் உறைந்து பாறையைப் பிளக்கிறது. ஆண்டில் 170 முதல் 200 நாள் வரை இப்படி உறைவதும் உருகுவதுமாகப் போகிறது. பீடபூமியின் விளிம்பு முதலில் மெல்லிய சுவர்களாகப் பிரிகிறது, சுவரில் ஜன்னல் போல ஓட்டை விழுகிறது, ஜன்னலின் மேல்பக்கம் இடிந்ததும் மிச்சம் நிற்பது தூண். தலையில் கொஞ்சம் கடினமான கல் தொப்பி இருந்தால் தூண் நீண்ட நாள் தாங்கும்.

யூட்டாவின் இன்னொரு பூங்காவான ஆர்ச்சஸில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் இருக்கின்றன. அங்கே கதை அடியில் தொடங்குகிறது. சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன் கடல் திரும்பத் திரும்ப வற்றி, கனமான உப்புப் படுகையை விட்டுப் போனது. மேலே பாறை ஏறி அமுக்க, உப்பு பிசைந்த மாவு போல நகர்ந்து ஓரிடத்தில் புடைத்தது. மேலே இருந்த பாறை விம்மி, வரிசையாக விரிசல் விட்டது. விரிசல்களில் இறங்கிய மழை பாறையை மெல்லிய சுவர்களாகப் பிரித்தது. பிறகு சுவரின் அடியில் பொரி உருண்டையின் பாகு இளகி, பொரி உதிர்ந்து, ஓட்டை விழுந்தது. மேல்பாகம் தன் எடையைத் தானே தாங்கும் வளைவாக நின்றது.

நின்றது என்று சொன்னாலும் அது நிலை இல்லை. 1991 செப்டம்பரில் அங்குள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்ற வளைவின் அடிப்பக்கத்திலிருந்து 18 மீட்டர் நீளப் பாளம் ஒன்று, அடியில் ஆட்கள் இருக்கும்போதே பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அதன் கீழே போகும் பாதையை அப்புறம் மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் என்ற இன்னொரு வளைவு ஓர் இரவில் மொத்தமாக இடிந்துபோனது. வளைவின் மேல் ஏறி நின்று படமெடுக்க வேண்டாம் என்று சொல்வது வெறும் சட்டத்துக்காக அல்ல.

ஆக: இடுக்கை வெட்டுவது வெள்ளம், தூணைப் பிளப்பது பனி, வளைவைக் குடைவது ஊறும் ஈரம்.

ஒளி எங்கிருந்து வருகிறது?

இனி கேமரா. இந்த இடுக்குகளில் படமெடுப்பதில் உள்ள பெரிய குழப்பம், சுவர் உள்ளிருந்தே தீப்பிடித்தது போல எரிகிறதே, அது நிஜமா, கணினியில் ஏற்றியதா என்பதுதான். நிஜம். காரணமும் எளிது.

கல்யாண வீட்டில் அரக்குச் சிவப்புப் பட்டு கட்டியவரின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தாடைக்கு அடியில் மெல்லிய சிவப்புச் சாயல் விழும். வெளிச்சம் புடவையில் பட்டுத் திரும்பும்போது அதன் நிறத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. கேன்யனுக்குள்ளும் அதே கதைதான். உச்சியில் வெயில் நேராக ஒரு சுவரில் விழுகிறது. அந்தச் சுவர் நீலத்தை விழுங்கிவிட்டு ஆரஞ்சைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஆரஞ்சு ஒளி எதிர்ச் சுவரில் படுகிறது. அதுவும் மிச்சமிருக்கும் நீலத்தை விழுங்கி, இன்னும் சிவந்த ஒளியை அனுப்புகிறது. இப்படி மூன்று நான்கு முறை பட்டுத் திரும்பிக் கீழே வருவதற்குள் ஒளி கனல் போல ஆகிவிடுகிறது. நேர்வெயில் படாமல், மற்றச் சுவரிலிருந்து பட்டு வரும் இந்த ஒளிக்குப் பிரதிபலித்த ஒளி என்று பெயர். இங்கே படத்துக்கு உயிர் அதுதான்.

இது புரிந்தால் பாதி வித்தை கைவந்த மாதிரி. வெளியே மலை, கடல், கோயில் எடுக்கும்போது காலையும் மாலையும் நல்லது, நண்பகல் ஆகாது என்று படித்திருப்போம். இடுக்குக்குள் அது தலைகீழ். சூரியன் உயர ஏறினால்தான் உச்சிச் சுவரில் வெயில் விழும், அங்கிருந்து கீழே தெறிக்கும். காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் சாம்பல் நிறச் சுவர்தான் கிடைக்கும்.

படச்சட்டத்துக்குள் வானத்தையும், வெயில் நேராக விழும் வெள்ளைத் திட்டையும் கொண்டுவராதீர்கள். அந்த வெளிச்சத்துக்கும் கீழே சுவரின் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கேமராவாலும் ஒரே படத்தில் சமாளிப்பது கஷ்டம். ஒன்று வானம் வெளுத்துப்போகும், இல்லை சுவர் கறுத்துப்போகும். அப்புறம் வைட் பேலன்ஸ். வெள்ளைப் பொருள் வெள்ளையாகத் தெரியும்படி கேமரா நிறத்தைச் சரிசெய்யும் கணக்கு அது. தானியங்கியில் விட்டால், "எல்லாமே ஆரஞ்சாக இருக்கிறதே, ஏதோ தப்பு" என்று கேமரா நினைத்துக்கொண்டு, நாம் தேடி வந்த நிறத்தையே கழித்துவிடும். பகல் வெளிச்சம் அல்லது மேகமூட்டம் என்ற அமைப்பில் நிறுத்தி வையுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக எடுத்தால் வீட்டுக்கு வந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். போனில் எடுப்பவர்கள் சுவரின் பிரகாசமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எடுத்தால் போதும், நிறம் கெட்டியாக வரும்.

சில படங்களில் ஓரமாக ஊதா தெரியும். வெயிலும் படாமல், சிவந்த ஒளியும் அதிகம் எட்டாமல், நீல வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் மட்டும் விழுகிற மூலைகள் அவை. பக்கத்தில் ஆரஞ்சு இருப்பதால் நீலம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. அந்த ஊதாவைக் கண்ணில் பட்டதைவிட நாலு மடங்கு ஏற்றிப் போடும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே போய் நிற்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள், கண் முன்னால் இருக்கும் உண்மையான நிறத்தைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள்.

ஒளிக் கம்பம் வேறு விஷயம். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடத்தில் உச்சிவெயில் கம்பு மாதிரி இறங்கும். அடுப்புப் புகை இருந்தால்தான் அந்தக் கம்பு கண்ணுக்குத் தெரியும். ஆன்டிலோப் மேல் பகுதியில் ஏறத்தாழ மார்ச் பின்பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி அப்படி ஒளி இறங்கும். மற்ற மாதங்களில் சூரியன் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. புகைக்குப் பதிலாக, வழிகாட்டிகள் கீழே கிடக்கும் மணலை ஒரு கை அள்ளித் தூவுவார்கள். அந்த மெல்லிய தூள் கேமராவுக்குள் புகுந்துவிடும். உள்ளே லென்ஸ் மாற்றவே கூடாது. முக்காலிக்கும் இப்போது அங்கே அனுமதி இல்லை. அகலக் கோண லென்ஸ் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, ஒளியைப் பதிவதில் கேமராவின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றி, மூச்சை நிறுத்திக் கையால்தான் எடுக்க வேண்டும்.

போகும் முன்: தலைக்கு மேல் உள்ள வானம் போதாது

1997 ஆகஸ்ட் 12. ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப் பகுதியில் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி, ஓடையின் மேல்பக்கத்தில் கொட்டிய இடிமழை, மொட்டை மாடிக் குழாய்க்குள் இறங்கிய மாதிரி இறங்கிவிட்டது. அன்று உள்ளே இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் அடித்துப்போனது. இப்போது பாறையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் படிகள் இருக்கின்றன. நுழைவிடத்தில் வானிலை ரேடியோவும் அபாயச் சங்கும் இருக்கின்றன. நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. 2015 செப்டம்பரில் சயானின் கீஹோல் கேன்யனில் ஒரே வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள்.

குற்றால அருவியில் குளித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் பெய்த மழை சற்று நேரத்தில் அருவியாக வந்து இறங்கும். வித்தியாசம், அருவியிலிருந்து ஒதுங்க இடம் இருக்கும். ஸ்லாட் கேன்யனில் ஒதுங்கப் பக்கமே கிடையாது.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். போகும் இடத்தின் வானிலையைப் பார்ப்பதற்கு முன், அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் மேல்நோக்கித் தடம் பிடித்துப் பார்ப்பேன். மழைநீர் வந்து சேரும் அந்த மொத்தப் பரப்புக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர். அந்தப் பரப்பில் எங்கேயாவது இடிமழைக்கு வாய்ப்பு என்று இருந்தால் அன்றைக்கு இடுக்குக்குள் இறங்குவதில்லை. அரிசோனாவுக்கும் மான்சூன் உண்டு, பெயரே அதுதான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில்தான் இடிமழை அதிகம். வழிகாட்டி இல்லாமல் போகிற இடங்களில், உள்ளே நிற்கும்போது தெளிந்த நீர் கலங்கினால், மட்டம் ஏறினால், குச்சியும் குப்பையும் மிதந்து வந்தால், தூரத்தில் ரயில் போல இரைச்சல் கேட்டால், கேமராப் பையை மறந்துவிட்டு மேலே ஏறுங்கள்.

வெயிலும் ஆளைக் கொல்லும். தி வேவுக்குப் போகும் வழியில் வெப்பத்தால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காகப் போட்ட பாதை கிடையாது, நிழல் கிடையாது, பாறையும் சூட்டைத் திருப்பி அடிக்கும். ஒருவருக்கு ஒரு நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்புக்கு ஈடு இல்லாமல் மயக்கம் வரும். உப்புக் கடலை, ஊறுகாய் தடவிய சப்பாத்தி என்று ஏதாவது கையில் இருக்கட்டும். கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீரும் முன்பே திரும்பிவிட வேண்டும்.

பாதையை விட்டு இறங்கும் முன் தரையைப் பாருங்கள். சில இடங்களில் மண் கறுத்து, சின்னச் சின்ன மேடுகளாக, பால் ஏடு போல ஒரு தோல் படர்ந்திருக்கும். அழுக்கு இல்லை, உயிர். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் மணலை இழை இழையாகப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும் உயிர்த்தோல் அது. மண் பறந்துபோகாமல் இருப்பதும், செடி முளைப்பதும் அதனால்தான். ஒரு காலடி பட்டால் மீண்டு வரப் பல பத்தாண்டு ஆகும். பாறை மேலோ, வறண்ட ஓடை மணலிலோ நடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொரு சின்ன விஷயம், பேஜ் பக்கம் போகிறவர்களுக்கு. கோடையில் அரிசோனா மாநிலம் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதில்லை, நவஹோ நிலம் தள்ளுகிறது. எல்லைக்குப் பக்கத்தில் போன் இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஆன்டிலோப் நுழைவு நேரம் பேஜ் ஊர் நேரப்படிதான். கையில் ஒரு சாதாரண கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள்.

உள்ளே போனதும் உடனே கேமராவைத் தூக்காமல், சுவரில் ஏதாவது ஒரு அடையாளத்தை, ஒரு கீறலையோ குழியையோ பார்த்து வைத்துக்கொண்டு, அது உங்கள் உடம்பில் எந்த உயரத்துக்கு வருகிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆன்டிலோப்பின் தரை பாறை இல்லை, வெள்ளம் விட்டுப்போன மணல். ஒவ்வொரு வெள்ளமும் அதில் கொஞ்சம் அள்ளிப்போகிறது, கொஞ்சம் போட்டுவிட்டுப் போகிறது. என் பழைய படத்தில் இடுப்புக்கு நேரே இருந்த ஒரு குழி, அடுத்த முறை போனபோது முழங்காலுக்குக் கீழே இருந்தது. இடையில் ஏதோ ஒரு பிற்பகலில், யாரும் இல்லாத நேரத்தில், தண்ணீர் வந்து போயிருக்கிறது.